பி.எஸ்சி. பிசிக்ஸ் புத்தகங்கள்: காசில்லை, நெட்டில் முறையாக எங்கே படிக்கலாம்?

மூணாவது பெஞ்ச் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்சி. பிசிக்ஸ் ரெண்டாம் வருஷம். பன்னெண்டாவது வரை தமிழ் மீடியம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார்.

இந்த செமஸ்டர் எலெக்ட்ரிசிட்டி அண்ட் மேக்னடிசம் பேப்பர். சிலபஸில் டெக்ஸ்ட் புக் ஒன்று, ரெஃபரன்ஸ் மூன்று போட்டிருக்கிறார்கள். நாலையும் வாங்குவது என்றால் எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகைக் காசு. லைப்ரரியில் டெக்ஸ்ட் புக் இரண்டு காப்பி இருக்கிறது, இரண்டிலும் "வெளியே தரப்படாது" என்று சீல். காலேஜ் பஸ் சாயங்காலம் கிளம்பிவிடுவதால் உட்கார்ந்து படிக்கவும் முடிவதில்லை.

நெட்டில் புத்தகப் பெயரைப் போட்டு "ஃப்ரீ பிடிஎஃப்" என்று தேடினேன். ஒரு தளம் ஏதோ ஆப்பை நிறுவுகிற ஏபிகே ஃபைலை இறக்கப் பார்த்தது, இன்னொன்று ஏடிஎம் கார்டு நம்பர் கேட்டது. திருட்டுத்தனமாக இல்லாமல், இலவசமாகப் படிக்க ஏதாவது வழி இருக்கிறதா? என்னிடம் போன் மட்டும்தான், லேப்டாப் கிடையாது. தமிழில் ஏதாவது இருந்தால் ரொம்ப உதவி. வகுப்பில் இங்கிலீஷில் சார் சொல்வது பாதிதான் ஏறுகிறது.

நைட் ஷிஃப்ட் எழுதியது:

மாப்ள, இதுக்கா இவ்ளோ பெரிய போஸ்ட்? டெலிகிராமில் புத்தகப் பெயரைத் தட்டு, ரெண்டு நிமிஷத்துல வந்துடும். நாங்க எல்லாரும் அப்படித்தான் டிகிரி முடிச்சோம். முறை, நியாயம்னு பாத்தா பரீட்சை முடிஞ்சுடும்.

பழைய நூலகர் எழுதியது:

தம்பி, விருதுநகர் மாவட்டத்தில் ஓர் உதவிபெறும் கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். செமஸ்டர் ஆரம்பித்ததும் பிள்ளைகள் கவுண்டர் முன்னால் வந்து நின்று தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்விதான் உங்களுடையது. பதில் கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துப் படியுங்கள்.

புத்தகத்தின் பெயரைத் தேடுவதை முதலில் விடுங்கள். விலைக்கு விற்கிற புத்தகத்தின் பெயரோடு "இலவசம்" என்று சேர்த்துத் தேடுகிறவர்களுக்காகவே வலை விரித்து வைத்திருக்கிறார்கள். அதில்தான் அந்த ஏபிகே எல்லாம். நீங்கள் தேட வேண்டியது பாடத்தை. காஸ் விதியும் பயோ-சவார் விதியும் மாக்ஸ்வெல் சமன்பாடுகளும் எந்தப் பதிப்பகத்தின் சொத்தும் இல்லை. உங்கள் சிலபஸ் தாளை எடுத்து யூனிட் யூனிட்டாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேப்பருக்கு நான் முதலில் கைகாட்டுவது இக்னோ பாடநூல்களை. டெல்லியில் இருக்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கு அனுப்புகிற அச்சுப் பாடங்களை "ஈ-ஞான்கோஷ்" என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்திருக்கிறது. பி.எஸ்சி.க்கு மின்சாரமும் காந்தவியலும் பாடத்தின் குறியீடு பிபிஎச்சிடி-133. மெக்கானிக்ஸ் 131, வெப்ப இயற்பியல் 135, அலைகளும் ஒளியியலும் 137. குறியீட்டை ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடுங்கள், நேராகப் போய் நிற்பீர்கள். ஒவ்வொரு யூனிட்டும் தனித்தனி பிடிஎஃப்பாக இருக்கும் என்பதால் போனில் இறக்குவதும் சுலபம். மொத்தப் புத்தகத்துக்கும் டேட்டா செலவழிக்க வேண்டாம். இதற்கு முந்தைய பாடத்திட்டத்தில் பிஎச்இ-07 என்று ஒன்று இருந்தது, மின், காந்த நிகழ்வுகள் பற்றியது. அதையும் விடாதீர்கள். சில இடங்களில் பழையதே எனக்குப் பிடிக்கும்.

இவை ஏன் நல்லவை என்றால், பக்கத்தில் வாத்தியார் இல்லாத பிள்ளைக்காக எழுதப்பட்டவை. இரண்டு பக்கத்துக்கு ஒரு தரம் நின்று ஒரு கேள்வி கேட்கும், விடை யூனிட் கடைசியில் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் விற்கிற கைடுகளில் சமன்பாடு எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் குதிக்கும். இதில் ஒவ்வொரு படியும் இருக்கும். பட்டம் வழங்குகிற ஓர் இந்தியப் பல்கலைக்கழகத்தின் பாடம் என்பதால் உங்கள் சிலபஸோடு பெரும்பாலும் ஒத்தும் போகும். இவ்வளவு நல்ல சரக்கு சும்மா கிடக்கிறது, நம் கல்லூரிகளில் வாத்தியார்களே பலர் எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இரண்டாவது, ஓப்பன்ஸ்டாக்ஸ். அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கிய திட்டம். "யுனிவர்சிட்டி பிசிக்ஸ்" என்று மூன்று தொகுதிகள் போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டாம் தொகுதி: வெப்பவியலும் மின்காந்தவியலும். வண்ணப் படங்கள், நிறையக் கணக்குகள். பிடிஎஃப்பாக இறக்காமல் தளத்திலேயே படித்தால் போன் திரைக்குத் தகுந்தபடி எழுத்து ஒழுங்காக விழும். ஏ4 பக்கத்தை விரலால் இழுத்து இழுத்துப் படிக்கிற வேதனை இல்லை. ஆனால் ஒரு குறை சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. வெக்டர் கால்குலஸில் வருகிற டைவர்ஜென்ஸ், கர்ல் இரண்டும் அந்தப் புத்தகத்தில் இல்லை. மாக்ஸ்வெல் சமன்பாடுகளைத் தொகையீட்டு வடிவத்தோடு நிறுத்திவிடுவார்கள். நம் பல்கலைக்கழகங்கள் வகையீட்டு வடிவத்தைத்தான் பத்து மார்க் கேள்வியாகக் கேட்கும். அதற்கு இக்னோ 133இன் முதல் பிளாக்கே வெக்டர் பகுப்பாய்வுதான், அங்கே போய்விடுங்கள்.

படித்துச் சுவைக்க வேண்டும் என்றால் ஃபைன்மனின் இயற்பியல் விரிவுரைகள் மூன்று தொகுதிகளையும் கால்டெக் நிறுவனம் தளத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. இறக்கிக்கொள்ள முடியாது, படிக்கலாம். இரண்டாம் தொகுதியின் 2, 3ஆம் அத்தியாயங்கள் வெக்டர் புலங்கள் பற்றியவை. பரீட்சைக்கு முதல் நாள் திறக்காதீர்கள். லீவில் திறங்கள்.

இனி தமிழ். இதில்தான் பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள், கல்லூரிப் பாடம் தமிழில் எதுவுமே இல்லை என்று நினைத்து. 1970களில் தமிழ்வழிக் கல்லூரிக் கல்விக்காக அன்றைய தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் இயற்பியல், வேதியியல், தாவரவியல், பொருளாதாரம், வரலாறு என்று நூற்றுக்கணக்கில் நூல்கள் வெளியிட்டது. எங்கள் கல்லூரியில் அவை கடைசி அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. இப்போது அவற்றில் நிறைய, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன் படிகளாக இருக்கின்றன. கட்டணம் கிடையாது. ஒரே எச்சரிக்கை, அலகுகள். நான் புரட்டியவற்றில் பல சென்டிமீட்டர், கிராம், செகண்ட் என்கிற பழைய சிஜிஎஸ் முறையில் இருக்கும். விசை என்றால் டைன், ஆற்றல் என்றால் எர்க். கூலும் விதியில் 4π எப்சிலான் காணாமல் போயிருக்கும். கருத்தை அங்கே பிடித்துக்கொண்டு கணக்கை எஸ்ஐ முறையில் போடுங்கள். சூத்திரத்தை அப்படியே விடைத்தாளில் எழுதினால் மார்க் போய்விடும்.

அதைவிடக் கைக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதி, நீங்கள் படித்ததே. நிலைமின்னியலில் தொடங்கி மின்காந்த அலைகள் வரை அதில் இருக்கிறது. தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டு பதிப்பையும் பாடநூல் கழகத் தளத்திலிருந்து இறக்குங்கள். ஒரே அத்தியாயம், ஒரே வரிசை. ஒரு பத்தியைத் தமிழில் படித்துவிட்டு அதே பத்தியை ஆங்கிலத்தில் படியுங்கள். உங்கள் சார் வகுப்பில் சொல்கிற "ஃபிளக்ஸ்" நீங்கள் ஏற்கெனவே அறிந்த மின்பாயம்தான் என்று புரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும். ஆங்கிலம் தெரியாததால் பிசிக்ஸ் வராது என்று ஒதுங்கிப் போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பாடம் கேட்க வேண்டும் என்றால் என்பிடிஇஎல். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது. வீடியோ பார்ப்பதற்குக் காசு இல்லை. பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். பல பாடங்களுக்கு உரையின் எழுத்து வடிவமும், சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. டேட்டா குறைவாக இருக்கிற நாளில் வீடியோவை விட்டுவிட்டு அந்த எழுத்து வடிவத்தை இறக்கிப் படிக்கலாம்.

நைட் ஷிஃப்ட் தம்பி, உங்களுக்கு உபதேசம் செய்ய நான் வரவில்லை. டெலிகிராமில் வருகிற ஃபைல் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். வெளிநாட்டுப் பழைய பதிப்பாக இருக்கும். வாத்தியார் "அஞ்சாம் அத்தியாயம், பன்னெண்டாவது கணக்கு" என்றால் அங்கே வேறு கணக்கு நிற்கும். நடுவில் பக்கம் விட்டுப்போன ஸ்கேன்கள் எவ்வளவு! முறையாகத் திறந்து வைத்த கதவு பக்கத்திலேயே இருக்கும்போது சுவர் ஏறிக் குதிப்பானேன்?

நைட் ஷிஃப்ட் எழுதியது:

மேடம், பதிப்பு விஷயம் உண்மைதான். ஆனா எங்க காலத்துல இந்த இக்னோ சமாச்சாரத்தை யாருமே சொல்லலியே. சொல்லியிருந்தா நான் ஏன் டெலிகிராம் பக்கம் போறேன்?

மூணாவது பெஞ்ச் எழுதியது:

மேடம், ரொம்ப நன்றி. 133 திறந்துவிட்டேன், முதல் யூனிட் இறங்கிவிட்டது. ரெண்டு சந்தேகம். போனில் நீண்ட நேரம் படித்தால் தலை வலிக்கிறது, எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போடலாமா? "புக்கு ஜெராக்ஸ் எல்லாம் போலீஸ் கேஸு" என்று கடை அண்ணன் சொல்கிறார். அப்புறம், "ஒரே நாடு ஒரே சந்தா" என்று ஏதோ வந்திருக்கிறதாமே, அதில் எங்களுக்கு ஏதும் உண்டா?

வாய்தா எழுதியது:

ஜெராக்ஸ் பற்றி நான் சொல்கிறேன், தொழில் வக்கீல். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் ராமேஸ்வரி என்று ஒரு ஜெராக்ஸ் கடை. ஆசிரியர்கள் பாடத்துக்குத் தேவையான பகுதிகளைப் பல புத்தகங்களிலிருந்து எடுத்துக் கொடுக்க, கடைக்காரர் அவற்றைத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்று பதிப்பகங்களும் 2012இல் அந்தக் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், கல்வி புகட்டும்போது ஆசிரியரோ மாணவரோ படி எடுப்பது மீறல் ஆகாது என்று இருக்கிறது. அதை வைத்து 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டு, கொடுக்கப்பட்ட பகுதிகள் பாடத்துக்குத் தேவைதானா என்பதை விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கிலிருந்து விலகிக்கொண்டன. தங்கள் எழுத்து அந்தத் தொகுப்புகளில் இடம்பெற்ற அறிஞர்கள் பலர் மாணவர் பக்கம் நின்றார்கள் என்பது கூடுதல் செய்தி.

ஆனால் அங்கே பேசப்பட்டது பாடத்துக்கு வேண்டிய பகுதிகள். கடையில் விற்கிற ஒரு புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படி எடுத்து பைண்டிங் போட்டு விற்பதற்கு அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. உங்கள் சார் "இந்த ரெண்டு அத்தியாயம் படி" என்று கொடுத்து, நீங்கள் படி எடுத்தால் பயப்பட வேண்டாம்.

பழைய நூலகர் எழுதியது:

வக்கீல் ஐயா சொன்னதோடு ஒன்று. ஓப்பன்ஸ்டாக்ஸின் யுனிவர்சிட்டி பிசிக்ஸ் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் படி எடுக்கலாம், காசு வாங்கிக்கொண்டு அச்சடித்துக்கூடக் கொடுக்கலாம். முழுப் புத்தகத்துக்கும் இது பொருந்தும். ஆகவே அதில் உங்கள் கடை அண்ணன் பயப்பட எதுவும் இல்லை. ஒரு தாளின் ஒரு பக்கத்தில் இரண்டு பக்கம், பின்னாலும் இரண்டு என்று போடச் சொல்லுங்கள், கறுப்பு வெள்ளையில். மொத்தத் தொகுதியும் வேண்டாம், மின்சாரம் தொடங்குகிற 5ஆம் அத்தியாயத்திலிருந்து போதும்.

ஒரே நாடு ஒரே சந்தா. 2024 நவம்பர் 25இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 3 ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 சொச்சம் நிறுவனங்களுக்கு. அத்தனையும் அரசு நிர்வாகத்தில் இருக்கிற நிறுவனங்கள். சுயநிதிக் கல்லூரிப் பிள்ளை வாசலுக்கு வெளியே. நம் ஊரில் முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் சுயநிதிக் கல்லூரியில் இருக்கிறார்கள் என்று வகுத்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். எனக்கு இதில் கோபம் உண்டு. ஆனாலும் உங்களுக்கு இன்றைக்கு நஷ்டம் பெரிதில்லை. அது ஆய்விதழ்களுக்கான திட்டம், பி.எஸ்சி. பாடப்புத்தகத்துக்கு அல்ல. அதைவிட, உங்கள் கல்லூரி நூலகரிடம் "என்-லிஸ்ட்டில் நாம சேர்ந்திருக்கோமா?" என்று கேளுங்கள். காந்திநகரில் இருக்கிற இன்ஃப்லிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்துகிற மின்னூல் திட்டம் அது. சேர்ந்திருந்தால் உங்கள் பெயருக்கு ஒரு கணக்கு போட்டுத் தருவார்கள், வீட்டிலிருந்தே மின்னூல் படிக்கலாம். கேட்க ஆள் இல்லாததால் பல கல்லூரிகளில் அந்தக் கணக்குகள் சும்மா கிடக்கும்.

மதுரைக்குப் போகிற வேலை வந்தால் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தது. உங்கள் ரெஃபரன்ஸ் பட்டியலைக் கையில் கொண்டு போங்கள்.

கொக்குவில் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறன். தம்பிக்குத் தமிழில வேணும் எண்டால் எங்கட உயர்தர (உங்கட பிளஸ் டூ மாதிரி) பாடப் பொருட்களையும் ஒருக்காப் பாருங்கோ. இங்க உயர்தரம் முழுக்கத் தமிழிலயே படிக்கலாம். மகரகமவில இருக்கிற தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டிகளைத் தமிழிலயும் தன்ர தளத்தில போட்டிருக்கு, காசில்லை. பழைய பௌதிகவியல் (உங்கட இயற்பியல்) நூல்கள், வினாத்தாள்கள் தேவையெண்டால் "நூலகம்" தளம், 2005இல தொடங்கினது. 1981இல எங்கட பொது நூலகம் எரிஞ்ச ஊர் இது. அதால ஒவ்வொரு பழைய புத்தகத்தையும் ஸ்கேன் பண்ணி வைக்கிறதில எங்கட ஆக்களுக்கு ஒரு வெறி. கலைச்சொல் உங்களதுக்கும் எங்களதுக்கும் கொஞ்சம் மாறும், படத்தைப் பாத்தால் விளங்கும்.

மூன்றாம் மாடி லேப் எழுதியது:

பிஎச்.டி. பண்ணுகிறேன். மூன்றாம் வருஷம் புராஜெக்ட் வரும்போது இந்த இழையைத் தேடி எடுத்துக்கொள் தம்பி. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் "சோத்கங்கா" தளத்தில் முழுசாகக் கிடைக்கும். முதல் இரண்டு அத்தியாயம் மட்டும் படி. அந்தத் துறையின் அறிமுகத்தை யாரோ ஒருத்தர் உனக்காக எழுதி வைத்த மாதிரி இருக்கும். அப்படியே காப்பி அடிக்காதே, வைவாவில் மாட்டுவாய். இயற்பியல் ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஆர்க்கைவ் என்ற இலவசத் தளம், 1991லிருந்து இருக்கிறது. கட்டுரை பூட்டியிருந்தால் எழுதியவருக்கே மரியாதையாக நாலு வரி மெயில் போடு. பெரும்பாலும் அனுப்பி வைப்பார்கள், அவர்களுக்கும் யாராவது படித்தால் சந்தோஷம்தான்.

மூணாவது பெஞ்ச் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. என்-லிஸ்ட் பற்றி லைப்ரரியன் சாரிடம் கேட்டேன். "சேர்ந்திருக்கோம், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்று ஆதார், ஐடி கார்டு காப்பி வாங்கிக்கொண்டார். கடை அண்ணன்தான் இன்னும் நம்பவில்லை. "உரிமம் கிரிமம்னு வாயில சொன்னா எப்படி, எழுத்துல காட்டு" என்கிறார்.

பழைய நூலகர் எழுதியது:

அந்தப் பிடிஎஃப்பின் தொடக்கப் பக்கங்களிலேயே உரிம அறிவிப்பு இருக்கிறது, தலைப்புப் பக்கத்துக்கு அடுத்து. அதையும் சேர்த்து முதல் தாளாகப் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். அண்ணனுக்கு ஒரு காப்பி தனியாக எடுத்துக் கொடுத்துவிடுங்கள், அடுத்து வருகிற பிள்ளையிடம் அவரே காட்டட்டும்.